சென்னைத் தெருவில் ஆட்களைப் படம் எடுக்கிறீர்களா? சட்டமும் சம்மதமும்: முழுமையான வழிகாட்டி

காசிமேட்டு மீன் ஏலம், கோயம்பேடு பூ மார்க்கெட், பாரிமுனைச் சந்துகள், மயிலாப்பூர் அறுபத்து மூவர் உற்சவம் என்று கேமராவும் கையுமாகத் திரிகிறவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்வி: “ஆளைக் கேட்காமல் படம் எடுக்கலாமா?” ஒரே வரியில் பதில் சொன்னால் தப்பாகிவிடும். எடுக்கலாமா, வெளியிடலாமா, அதை வைத்துச் சம்பாதிக்கலாமா என்று மூன்று கேள்விகள் அதற்குள் இருக்கின்றன. மூன்றுக்கும் சட்டத்தில் தனித்தனிப் பதில். எடுத்த படத்தை எங்கே, என்ன சொல்லிப் போட்டோம் என்பதில்தான் பெரும்பாலான வம்பு தொடங்குகிறது. அதனால் சம்மதம் கேட்கும்போதே படம் எங்கே போகப்போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லாமல் வாங்கிய சம்மதத்தை நான் சம்மதமாகக் கணக்கில் எடுப்பதில்லை.

இது பொதுவான வழிகாட்டி. நோட்டீஸோ வழக்கோ வந்துவிட்டால் வக்கீலைப் பாருங்கள்.

முதல் படி: சட்டம் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பொது இடத்தில் இருக்கும் ஒருவரைப் படம் எடுப்பதையே குற்றம் என்று சொல்லும் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை. தெருவில் நின்று பார்க்க முடிந்ததைப் பொதுவாகப் படம் எடுக்கலாம். படம் எடுப்பதும் அரசியல் சாசனத்தின் 19(1)(அ) தரும் கருத்துச் சுதந்திரத்துக்குள் வருவதுதான்.

அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் என்பது 21-ஆவது பிரிவின் கீழ் வரும் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. பொது இடத்துக்கு வந்துவிட்டார் என்பதற்காக மட்டும் ஒருவர் அந்த உரிமையை இழந்துவிடுவதில்லை என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. “ரோட்டுல நிக்கிறாங்க, எடுத்தா என்ன?” என்று வாதாடுகிறவர்கள் இதை ஒருமுறை படிக்க வேண்டும்.

அதற்கும் முன்னாலேயே நம்ம ஊர் வழக்கு ஒன்று இந்த விஷயத்தில் வழிகாட்டியிருக்கிறது. ஆட்டோ சங்கர் சிறையில் எழுதியதாகச் சொல்லப்பட்ட சுயசரிதையை நக்கீரன் வெளியிடப்போன விவகாரத்தில், 1994-ல் உச்ச நீதிமன்றம் இரண்டு பக்கத்துக்கும் எல்லை போட்டது. பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிட யாருடைய அனுமதியும் தேவையில்லை என்றது. அதே தீர்ப்பிலேயே, ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் விளம்பரத்துக்கு, ஏன், விளம்பரம் அல்லாத காரியத்துக்குப் பயன்படுத்தினாலும் அது அந்தரங்க மீறலாகும் என்றும் சொன்னது. சினிமா நட்சத்திரம் என்றில்லை, சாதாரண மனிதருக்கும் இது பொருந்தும்.

இரண்டாம் படி: நிற்கும் இடம் யாருடையது?

நாலு பேர் நடமாடும் இடமெல்லாம் பொது இடம் ஆகிவிடாது. மால், ஹோட்டல், தியேட்டர், அபார்ட்மென்ட் வளாகம் எல்லாம் தனியார் சொத்து. படம் எடுக்கக் கூடாது என்று அவர்கள் சொன்னால் கேமராவை உள்ளே வைக்க வேண்டியதுதான். வெளியே போகச் சொல்லியும் போகாமல் நின்றால் அத்துமீறல் புகார் வரலாம்.

கோயில்களில் கூடுதல் கவனம் வேண்டும். தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போன் கொண்டுபோகத் தடை விதிக்கும்படி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. ஆனால் கோயிலுக்கு வெளியே, மாடவீதியில் தேரும் சப்பரமும் வரும்போது எடுப்பதற்கு இந்தத் தடை இல்லை. கபாலீஸ்வரர் கோயில் பங்குனி உற்சவத்தில் நல்ல படங்கள் எல்லாம் வீதியில்தானே கிடைக்கின்றன.

மெட்ரோ, ரயில் நிலையம், விமான நிலையம், துறைமுகம், நீதிமன்ற வளாகம் ஒவ்வொன்றுக்கும் தனி விதி உண்டு. தலைமைச் செயலகம் இருக்கும் ஜார்ஜ் கோட்டையில் ராணுவப் பகுதியும் இருக்கிறது. 1923-ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டப்படி தடை செய்யப்பட்ட இடங்களைப் படம் எடுப்பது சாதாரணத் தகராறாக முடியாது. போர்டு வைத்திருந்தால் அதற்குக் கட்டுப்படுங்கள். போர்டு இல்லையென்றால் காவலுக்கு நிற்பவரைக் கேளுங்கள்.

மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் வெறும் கேமராவோடு நடக்கிறவரை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. ட்ரைபாட், விளக்கு, ரிஃப்ளெக்டர், மேக்கப் போட்ட மாடல் என்று வந்தால் அதைப் படப்பிடிப்பாகத்தான் பார்ப்பார்கள். அப்போது மாநகராட்சி, காவல் துறை அனுமதி எங்கே என்ற கேள்வி வரும். டிரோனுக்கு 2021-ஆம் ஆண்டு விதிகள் தனியாக இருக்கின்றன. பறக்கவிடும் முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் அந்தப் பகுதி எந்த மண்டலத்தில் வருகிறது என்று பாருங்கள்.

மூன்றாம் படி: ஷட்டரைத் தொடவே கூடாத இடங்கள்

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. இதில் மூன்று பிரிவுகளைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

77-ஆவது பிரிவு, பெண் அந்தரங்கமாக இருக்கும் நிலையை ஒளிந்து பார்ப்பதையும் படம் எடுப்பதையும் பரப்புவதையும் குற்றமாக்குகிறது. முதல் தடவை 1 முதல் 3 ஆண்டு, மறுபடி செய்தால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. இதில் பலர் கவனிக்காத விளக்கம் ஒன்று உண்டு. படம் எடுக்கச் சம்மதித்த பெண், அதை மற்றவர்களுக்குக் காட்டச் சம்மதிக்கவில்லை என்றால், காட்டுவதும் பரப்புவதும் இதே குற்றம்தான். எடுப்பதற்கான சம்மதமும் வெளியிடுவதற்கான சம்மதமும் ஒன்றல்ல என்பதைச் சட்டமே இங்கே சொல்லிவிடுகிறது.

79-ஆவது பிரிவு, பெண்ணின் கண்ணியத்தை அவமதிக்கும் எண்ணத்தோடு அவள் அந்தரங்கத்தில் நுழைவதற்கு 3 ஆண்டு வரை சிறை தருகிறது. 78-ஆவது பிரிவு பின்தொடர்வது பற்றியது. பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பின்னாலேயே போய்ப் பேச்சுக் கொடுக்கப் பார்த்தால் இதில் மாட்டுவீர்கள். “நான் ஸ்ட்ரீட் போட்டோகிராபர்” என்பது அதற்குச் சமாதானம் ஆகாது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66E பிரிவு ஆண், பெண் எல்லோருக்கும் பொது. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதம் இல்லாமல் எடுப்பதற்கும் பரப்புவதற்கும் 3 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அவர் அப்போது பொது இடத்தில் இருந்தாரா, தனி இடத்தில் இருந்தாரா என்பது பொருட்டே இல்லை என்று அந்தப் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. பஸ் படிக்கட்டு, ரயில்வே நடைமேம்பாலம், எஸ்கலேட்டர் போன்ற இடங்களில் கீழிருந்து மேலாகப் படம் பிடிக்கிறவர்களுக்கு இந்தப் பிரிவு சரியாகப் பொருந்தும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அந்தரங்கச் செயல் எதிலும் இல்லாத பெண்ணைப் படம் எடுத்ததற்கு இந்த ஒளிந்து பார்க்கும் குற்றப் பிரிவு பொருந்தாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2024-லும் உச்ச நீதிமன்றம் 2025 டிசம்பரிலும் கூறியிருக்கின்றன. அந்த ஒரு பிரிவு பொருந்தாது என்பதுதான் இதன் அர்த்தம். எது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று இதற்குப் பொருள் இல்லை.

மெரினாவில் அலையில் நனைந்து விளையாடும் குடும்பத்துப் பெண்களைத் தூரத்திலிருந்து ஜூம் போட்டு எடுப்பவர்களை ஞாயிற்றுக்கிழமை மாலை எப்போதும் பார்க்கலாம். எந்தப் பிரிவு வரும், வராது என்ற வாதமெல்லாம் அப்புறம். அந்தப் படத்தை அந்தப் பெண்ணிடம் நேரில் காட்ட முடியுமா? முடியாதென்றால் எடுக்காதீர்கள்.

ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளை எடுக்காதீர்கள். மனநல மருத்துவமனையில் சிகிச்சை பெறுபவரின் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளம் தெரியும்படி எதையும் வெளியிடுவது நியாய சன்ஹிதாவின் 72-ஆவது பிரிவுப்படி குற்றம். முகத்தை மறைத்துவிட்டு வீட்டு வாசலைக் காட்டினாலும் அடையாளம் தெரிந்துவிடும்.

நான்காம் படி: கேட்பது எப்படி

சட்டம் விட்டாலும் கேட்டு எடுப்பதுதான் நல்லது. கேட்டால் இயல்பு போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். என் அனுபவத்தில் அந்த இறுக்கம் சிறிது நேரம்தான். கேட்டுவிட்டு அவர்கள் வேலைக்குத் திரும்பும்வரை காத்திருந்தால் போதும், நம்மை மறந்துவிடுவார்கள்.

கேட்கும்போது மூன்று விஷயம் சொல்லுங்கள்: நான் யார், எதை எடுக்கிறேன், எங்கே போடுவேன். “அக்கா, நீங்க மீன் வெட்டுறதைப் படம் எடுத்துக்கட்டுமா? நான் போட்டோ கத்துக்கிறேன், இன்ஸ்டாகிராம்ல போடுவேன்” என்றால் விஷயம் முடிந்தது. காசிமேட்டில் இப்படிக் கேட்டபோது ஒரு அக்கா கத்தியை நிறுத்தாமலேயே பதில் சொன்னார்: “மூஞ்சி தெரியாம எடுத்துக்கோ தம்பி. போன தடவை ஒருத்தன் எடுத்துனு போயி யூடியூப்ல வுட்டுட்டான், என் மருமவ பாத்துட்டு வந்து சொல்லுது.” அவர் கொடுத்தது அரைச் சம்மதம் இல்லை. அது எல்லை போட்ட முழுச் சம்மதம். கையையும் கத்தியையும் வஞ்சிரத்தின் வெள்ளி வயிற்றையும் மட்டும் எடுத்தேன். முகம் இருந்திருந்தால்கூட அந்தப் படம் அவ்வளவு நன்றாக வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

பேச நேரமில்லாத இடத்தில் சைகை போதும். கேமராவை லேசாகத் தூக்கிக் காட்டி, கண்ணைப் பாருங்கள். தலையசைத்தால் எடுங்கள். முந்தானையை இழுத்து முகத்தை மூடினாலோ, கையை முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தாலோ, முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாலோ, வேண்டாம் என்றுதான் பொருள். அந்தக் கை மறைக்கும் கணத்தையே “நல்ல எக்ஸ்பிரஷன்” என்று எடுத்துப் போடுகிறவர்களை எனக்குக் கட்டோடு பிடிக்காது.

சில சமயம் முதலில் எடுத்துவிட்டு அப்புறம் கேட்க வேண்டியிருக்கும். அந்தக் கணம் திரும்ப வராது. சரி, எடுத்தவுடன் போய் ஸ்கிரீனைக் காட்டுங்கள். அழிக்கச் சொன்னால் அவர் கண்ணெதிரே அழித்துவிடுங்கள். சட்டப்படி அழித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலும் இல்லை, ஆனாலும் அழியுங்கள்.

காசு கொடுக்கலாமா? பூக்காரரிடம் இரண்டு முழம் வாங்குவதும் சுண்டல்காரரிடம் ஒரு பொட்டலம் வாங்குவதும் நல்ல பழக்கம். ஆனால் 50 ரூபாய் கொடுத்துவிட்டேன் என்பதற்காக அந்தப் படத்தை விளம்பரத்துக்கு விற்கும் உரிமை வந்துவிடாது. பிச்சை எடுப்பவர்களையும் பிளாட்பாரத்தில் தூங்குபவர்களையும் நான் எடுப்பதில்லை. மறுக்க முடியாத நிலையில் இருப்பவரிடம் சம்மதம் வாங்குவது சம்மதம் ஆகாது. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் நிவாரணப் பொட்டலத்தை வாங்கிய கையோடு கேமராவைப் பார்க்கச் சொல்லி நிறுத்தப்பட்டவர்களை நாம் எல்லோரும் பார்த்தோம். சாப்பாட்டுக்காக நிற்பவர் படத்துக்கு எப்படி முடியாது என்பார்?

இன்னொன்று. படம் அனுப்புகிறேன் என்று சொன்னால் அனுப்பிவிடுங்கள். வாட்ஸப் இல்லாதவருக்கு ஒரு பிரிண்ட் போட்டு, அடுத்த முறை போகும்போது கொடுங்கள். வாக்குக் கொடுத்துவிட்டுக் காணாமல் போனவர்களால்தான் அடுத்து வருகிறவர் விரட்டப்படுகிறார்.

ஐந்தாம் படி: குழந்தைகள்

18 வயதுக்குக் கீழே இருப்பவர் ஒப்பந்தம் செய்ய முடியாது. அதனால் பிள்ளை சிரித்துக்கொண்டு போஸ் கொடுத்தாலும் அப்பா, அம்மாவைத்தான் கேட்க வேண்டும். பெற்றோர் சரி என்று சொல்லியும் பிள்ளை வேண்டாம் என்றால், பிள்ளை சொல்வதைக் கேளுங்கள்.

சட்டச் சிக்கலில் உள்ள குழந்தை, பராமரிப்பு தேவைப்படும் குழந்தை, குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தை, சாட்சியாக இருக்கும் குழந்தை ஆகியோரின் படத்தை வெளியிடுவதைச் சிறார் நீதிச் சட்டம் 2015-ன் 74-ஆவது பிரிவு தடுக்கிறது. 6 மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். காப்பகத்துக்குப் போய்ப் பிறந்தநாள் கொண்டாடிவிட்டுக் குழந்தைகளோடு செல்ஃபி போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பள்ளிச் சீருடையோடு இருக்கும் பிள்ளையின் படத்தை இடத்தோடு போட்டால், அது எந்தப் பள்ளி, எத்தனை மணிக்கு விடும் என்பதுவரை கண்டுபிடித்துவிடலாம். லொகேஷனை அணைத்துவிட்டுப் போடுங்கள்.

ஆறாம் படி: காசு வரும் என்றால் எழுதி வாங்குங்கள்

கண்காட்சி, செய்தி, உங்கள் சொந்தப் பக்கம் ஆகியவற்றுக்கு வாய்மொழிச் சம்மதம் பெரும்பாலும் போதும். விளம்பரம், காலண்டர், பொருளின் பேக்கிங், ஸ்டாக் போட்டோ (யாரும் காசு கொடுத்து வாங்கிப் பயன்படுத்த இணையத்தில் விற்கும் படம்) என்றால் கையெழுத்து வேண்டும். ரஜினிகாந்தின் பெயரும் பாணியும் அவர் அனுமதியின்றி ஒரு இந்திப் படத்தில் பயன்படுத்தப்படுவதை 2015-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடுத்தது. சாதாரண ஆளுக்கு அந்த அளவு விளம்பர மதிப்பு இல்லாமல் இருக்கலாம். ஆனால் மேலே சொன்ன 1994 தீர்ப்பு அவருக்கும் துணை நிற்கும்.

படிவம் தமிழில், ஒரே பக்கத்தில் இருக்கட்டும். இப்படி எழுதலாம்:

“_____ ஆகிய என்னை, _____ தேதியில் _____ என்ற இடத்தில் _____ என்பவர் படம் எடுத்தார். இந்தப் படங்களை _____ ஆகியவற்றுக்குப் பயன்படுத்தச் சம்மதிக்கிறேன். _____ ஆகியவற்றுக்குப் பயன்படுத்தச் சம்மதம் இல்லை. இதற்காக _____ ரூபாய் பெற்றுக்கொண்டேன் / பணம் எதுவும் பெறவில்லை. என் பெயரைப் போடலாம் / போட வேண்டாம். இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், புரிந்துகொண்டேன். எனக்கு 18 வயது முடிந்துவிட்டது.”

கீழே கையெழுத்து, தேதி, ஒரு சாட்சி. “சம்மதம் இல்லை” என்ற வரியை விட்டுவிடாதீர்கள். மதுபானம், கட்சி விளம்பரம், மருந்து விளம்பரம் மூன்றும் வேண்டாம் என்றுதான் பலர் அதில் எழுதச் சொல்வார்கள். படிக்கத் தெரியாதவருக்கு முழுவதையும் வாசித்துக் காட்டி, அவர் சம்மதம் சொல்வதை வீடியோவாக எடுத்துவையுங்கள். ஒரு நகல் அவரிடம் இருக்க வேண்டும்.

கல்யாண ஸ்டுடியோக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 17-ஆவது பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவர்தான். மணப்பெண்ணின் மேக்கப் வீடியோவைக் கேட்காமல் ரீல்ஸில் போடும் ஸ்டுடியோவுக்கு அந்தரங்கச் சிக்கலோடு இந்தச் சிக்கலும் சேர்ந்துகொள்ளும். முன்பணம் வாங்கும்போதே இதற்கும் ஒரு வரி எழுதி வாங்கிவிடுங்கள்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-க்கான விதிகள் 2025 நவம்பரில் வந்து, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. தனிநபர் தன் சொந்த, குடும்பக் காரியத்துக்கு வைத்திருக்கும் படத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. தொழிலாகச் செய்பவர் அந்த விலக்கை நம்பியிருக்க முடியாது.

ஏழாம் படி: படத்துக்குக் கீழே என்ன எழுதுகிறீர்கள்?

சென்ட்ரல் வாசலில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டுப் படுத்திருக்கும் தொழிலாளியைப் படம் எடுத்து, “குடிபோதையில் விழுந்து கிடக்கும் ஆசாமி” என்று போட்டால், படத்தில் இல்லாத குற்றத்தை எழுத்து உண்டாக்கிவிடுகிறது. நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவுப்படி அவதூறுக்கு 2 ஆண்டு வரை சிறை உண்டு. ஆட்டோக்காரர் முகத்தைப் போட்டு “ஏமாற்றுக்காரன்” என்று எழுதுகிறவர்களுக்கும் இது பொருந்தும். கட்டணத் தகராறா, வண்டி எண்ணோடு புகார் கொடுங்கள்.

சாக்கடைக் குழியில் இறக்கப்படும் தொழிலாளியைப் படம் எடுப்பது வேறு விஷயம். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதற்கு எதிரான 2013-ஆம் ஆண்டு சட்டம் தடை செய்த வேலைக்கு அது ஆதாரம். எடுங்கள், உரிய அதிகாரிகளிடம் கொடுங்கள். ஆனால் அவரைக் கேட்காமல் முகத்தை வெளியிடாதீர்கள். அவர் பிள்ளை படிக்கும் பள்ளியிலும் அந்தப் படத்தைப் பார்ப்பார்கள். குழியில் இறக்கிய ஒப்பந்தக்காரரின் வண்டியும் இடமும் தேதியும் தெரிந்தால் போதும்.

எட்டாம் படி: தகராறு வந்தால்

முதலில் கேமராவை இறக்குங்கள். குரலையும் இறக்குங்கள். “அண்ணா, கோச்சுக்காதீங்க, இதோ பாருங்க” என்று படத்தைக் காட்டினால் பெரும்பாலான சண்டை அங்கேயே அடங்கிவிடும். உங்கள் போனையோ கேமராவையோ பிடுங்க எந்தத் தனிநபருக்கும் உரிமை கிடையாது. கூட்டம் சேர்ந்துவிட்டால் வாதாடாமல் 100 அல்லது 112-ஐ அழையுங்கள்.

போலீஸ்காரர் வந்தால் பெயர், தொழில், காரணம் சொல்லி அடையாள அட்டையைக் காட்டுங்கள். குற்றத்தோடு தொடர்புடையது என்ற சந்தேகம் இருந்தால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 106-ஆவது பிரிவுப்படி அவர் பொருளைக் கைப்பற்றலாம். அதற்குப் பட்டியல் எழுதித் தர வேண்டும், கைப்பற்றுவதை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்று 105-ஆவது பிரிவு சொல்கிறது. நின்ற இடத்திலேயே படத்தை அழிக்கச் சொல்வதற்குச் சட்டத்தில் வழி இல்லை. அழித்தால் உங்களைக் காப்பாற்றும் ஆதாரமும் அதோடு போய்விடும் என்று பணிவாகச் சொல்லுங்கள். காவல் நிலையம், அலுவல் ரகசியச் சட்டம் சொல்லும் தடை செய்யப்பட்ட இடம் அல்ல என்று 2022-ல் பம்பாய் உயர் நீதிமன்றம் கூறியிருக்கிறது. இது தெரிந்திருப்பது நல்லது. ஆனால் நடுரோட்டில் நின்று தீர்ப்பு வாசிக்காதீர்கள்.

உங்களை யாராவது எடுத்துவிட்டால்

எடுத்தவரிடம் நேரில் கேட்க முடிந்தால், எங்கே போடப்போகிறார் என்று கேளுங்கள், வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அந்த மறுப்பு பிற்பாடு புகாருக்கு வலுச் சேர்க்கும். ஏற்கெனவே இணையத்தில் வந்துவிட்டால், நீக்கச் சொல்லி மெசேஜ் போடும் முன், இணைப்பு, கணக்கின் பெயர், தேதி, நேரம் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். நீக்கிவிட்டால் அப்புறம் காட்ட ஒன்றும் இருக்காது.

2021-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி சமூக வலைத்தளங்களுக்குக் குறைதீர்க்கும் அதிகாரி இருக்க வேண்டும். முதல் புகாரை அங்கே கொடுங்கள். அந்தரங்கப் படம், மார்பிங் செய்த படம் என்றால் அதற்கான பதிலுக்குக் காத்திருக்காமல் தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலோ 1930 என்ற எண்ணிலோ உடனே புகார் செய்யுங்கள். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. காவல் நிலையத்தில் நேரில் கொடுத்தால், புகாருக்கு ரசீது வாங்காமல் வராதீர்கள். அந்த ரசீதின் எண் இருந்தால்தான் அடுத்த முறை போகும்போது கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது.